புளித்த மாவின் சொந்த ஊர்

விசாரணை முடியும் வரை பழைய மைதா ஒதுக்கீடு தொடரும் என்பது விதி. அந்தமானில், மாயாபந்தரில் சூசையின் ரொட்டிக்கடைக்கு அது தொடரவில்லை. மைதா கேட்பவர் ஈஸ்ட் வாங்கிய ரசீதை இணைக்க வேண்டும் என்ற இன்னொரு விதியை, புதிதாக வந்த அதிகாரி முதலில் படித்துவிட்டார்.

அறுபதுகளில் நான் அங்கே வழங்கல் அலுவலகத்தில் குமாஸ்தா. வந்த முதல் வாரம் சூசையின் ரொட்டியைக் கடித்துவிட்டு, கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுத்தேன். திருநெல்வேலியில் இட்லி மாவு புளிக்காவிட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்கிற ஆள் நான். அதே புளிப்பு ரொட்டியில் இருந்தால் குற்றமாகத் தெரிந்தது. "மீன் கொழம்புல முக்கித் தின்னு பாத்துட்டுத் திட்டுங்க சார்" என்றார். தின்றேன். மேல்தோல் மொறுமொறுத்தது, உள்ளே குழம்பு அப்படியே இறங்கியிருந்தது. புகாரை வாபஸ் பெற்றேன்.

அவர் ஈஸ்ட் வாங்கியதே இல்லை. தூத்துக்குடிப் பக்கத்து ஊரிலிருந்து புறப்பட்டுக் கப்பலேறியபோது ஒரு ஊறுகாய் ஜாடியில் புளித்த மாவு கொண்டுவந்திருந்தார். தினமும் பாதியை எடுத்து ரொட்டிக்குப் பிசைவார். மிச்சத்துக்குப் புது மாவும் தண்ணீரும் ஊட்டுவார். சில நாள் ஊட்டாவிட்டால் அது செத்துவிடும்.

அதிகாரி என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்து, ஈஸ்ட் எங்கே என்று கேட்டார். "ஈஸ்ட் கிதர் ஹை?"

இதுதான் என்று சூசை ஜாடியைத் திறந்தார். "யே ஹீ ஹை, சாப். நேத்து மாவு."

அதிகாரி முகர்ந்தார். "யே தோ சட் கயா!" அழுகிவிட்டதாம். கொட்டச் சொன்னார்.

சூசை என் பக்கம் திரும்பினார். "இது உசுரோட இருக்குன்னு இந்தியில சொல்லுங்க சார்."

எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். உயிருள்ள பொருள் என்றால் கால்நடைத் துறையின் அனுமதி வேண்டாமா என்று அதிகாரிக்குப் புதுச் சந்தேகம் வந்தது. போர்ட் பிளேருக்குக் கடிதம் போனது. மைதா நின்றது.

கடை மூடினாலும் ஜாடி சாகக் கூடாது என்பதே சூசையின் கவலை. ரேஷன் பொருளைப் பிறருக்குத் தருவது விதிமீறல். அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவனே நான். தினமும் அலுவலகம் போகிற வழியில் என் ரேஷன் கோதுமை மாவில் ஒரு பிடி கொடுத்துவிட்டுப் போனேன். கடைக்கு எதிர்வீட்டு வங்காளி அம்மாளும் ஒரு பிடி கொண்டுவருவார். "ஆப்கா பச்சா கைசா ஹை?" என்று, பிள்ளை எப்படி இருக்கிறான் எனக் கேட்பதுபோல் ஜாடியை நலம் விசாரிப்பார். "தின்னுட்டுத் தூங்குறான் தீதி" என்பார் சூசை. மாவு பழுப்பாகிப்போனது. குமிழி மட்டும் நிற்கவில்லை.

போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் ஒரு படிவம் வந்தது. பொருளின் பூர்வீகம்: மெயின்லேண்ட் / தீவு. பொருந்தாததை அடிக்கவும்.

"ஜாடி ஊர்லேந்து வந்தது. உள்ள இருக்கது பூராம் இங்கத்த மாவு, இங்கத்த தண்ணி. எதை சார் அடிக்க?"

சர்வீஸ் புத்தகத்தில் சொந்த ஊர் திருநெல்வேலி என்று எழுதிவிட்டு, லீவில் அங்கே போன மூன்றாம் நாளே திரும்பும் கப்பலின் தேதியை விசாரிக்கிறவன் நான். இரண்டையும் அடிக்காமல் அனுப்பினேன். முழுமையடையாத படிவத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. யாரும் அனுப்பவில்லை. மைதா அனுமதிக்கப்பட்டது என்ற ஒற்றை வரிப் பதில், கிறிஸ்துமஸ் ரொட்டி கேட்டு வந்தவர்களையெல்லாம் சூசை திருப்பி அனுப்பி முடித்தபின், டிசம்பர் இருபத்தாறாம் தேதி வந்து சேர்ந்தது.