கண்ணனா, கானானா?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

“உங்க யாழினி வகுப்புல ரொம்பக் கத்துறா, சார். ‘டீச்சர், டாய்லெட் போகலாமா?’ன்னு கேட்டா, பக்கத்து வகுப்பு டீச்சர் ‘போ’ங்கிறாங்க!”

யாழினி என் மகள். நான்காம் ஆண்டு படிக்கிறாள். எனக்கு ஒரே ஆச்சரியம், பிள்ளைகளே. இவளா கத்துகிறாள்? வீட்டில் வெறும் முணுமுணுப்புதானே! “வாயில என்ன, பீசாங் கோரேங்கா? பழப் பஜ்ஜியை முழுங்கிட்டுச் சத்தமாப் பேசு!” என்று ஒரு வருஷமாக அவளைத் திட்டிக்கொண்டிருப்பவன் நான்.

அன்று சாயங்காலமே விசாரணை வைத்தேன்.

“ஏம்மா பள்ளியில கத்துற?”

“வீட்டுல கத்திக் கத்திப் பழகிடுச்சுப்பா.”

“வீட்டுல நீ எப்பக் கத்துன?”

“இப்பக்கூடக் கத்திட்டுத்தான்ப்பா இருக்கேன்!”

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். “அவ வாயில ஒண்ணும் கோளாறு இல்லீங்க. உங்க காதுலதான். போய் டாக்டரைப் பாருங்கலா!”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனால்... உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எங்கள் ஊர் கோலா கெத்திலில் ரப்பர் மரம் அறுக்கும் ஆலையில் எனக்கு வேலை. வருஷக்கணக்காக ரம்பத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் ‘ஙொய்ங்’ என்று ஒரு சத்தம். ஐஸ்பெட்டிதான் இரைகிறது என்று நினைத்து ஒருநாள் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். சத்தம் நிற்கவில்லை. யாழினியின் ஐஸ்கிரீம்தான் உருகியது!

சனிக்கிழமை சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போனோம், நானும் யாழினியும். முதலில் காதுப் பரிசோதனை. மலாய்க்கார நர்ஸ் முகக்கவசம் போட்டிருந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். ஒரு வார்த்தைதான் பிடிபட்டது – கண்ணன்.

“யா, சாயா” என்றேன். ஆமாம், நான்தான்.

அவர் மறுபடியும் சொன்னார்.

“யா, சாயா கண்ணன்!” என்று நெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன். இன்னும் எத்தனை தடவை ஒரு மனிதன் ஒப்புக்கொள்வது?

யாழினி சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தாள். “அப்பா, பேரு இல்லப்பா! கானான்! வலது காதைக் காட்டச் சொல்றாங்க!”

பிறந்ததிலிருந்து மலாய் பேசுகிறவன் நான். ‘கானான்’ என்றால் வலது என்று தெரியாதா? தெரியும். ஆனால் அந்த ஒரு வார்த்தை என் காதுக்குள் வந்து சேர்வதற்குள் என் பெயராக மாறிவிட்டதே...

அடுத்து, காதில் ஹெட்ஃபோன். கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். நான் அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன். எல்லாமே கேட்கிறதே என்று உள்ளுக்குள் பெருமை வேறு! நர்ஸ் ஹெட்ஃபோனைத் தூக்கிவிட்டு, என் காதருகே வந்து மலாயில் மரியாதையாகச் சொன்னார்: “என்சிக், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.”

டாக்டர் நம் தமிழ்ப் பையன்தான். “அண்ணே, ஆலையில காதடைப்பு கொடுத்திருக்காங்களா?”

“கொடுத்திருக்காங்க, டாக்டர்.”

“எங்க வச்சிருக்கீங்க?”

“சட்டைப் பாக்கெட்டுல.”

“அப்ப உங்க பாக்கெட்டுக்கு நல்லா காது கேக்கும்ணே!”

சிரித்தேன். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதற்குச் சிரிப்பு வரவில்லை. வலது காது ரொம்ப மோசம். இடது பரவாயில்லை. போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இரைச்சல் இருக்கும், பழகிக்கொள்ள வேண்டியதுதான். “மொதல்ல போறது மெல்லிய குரலுங்கதான்ணே. சின்னப் பிள்ளைங்க பேசுறது சரியா விளங்கியிருக்காதே?”

யாழினி தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷம்! எத்தனை கதை சொல்ல வந்திருப்பாள் என்னிடம்? ஒவ்வொரு தடவையும் திட்டித்தானே அனுப்பினேன்?

நீங்களும் கேளுங்கள், பிள்ளைகளே. இயர்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தை ஏற்றும்போது இந்தக் கண்ணன் மாமாவை நினைத்துக்கொள்ளுங்கள். காது வலிக்காது, ரத்தம் வராது... சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

கார் நிறுத்துமிடத்தில் யாழினியின் கையைப் பிடித்தேன். “அப்பா மேலதான்மா தப்பு. உன்னைச் சும்மா சும்மா திட்டிட்டேன். மன்னிச்சிடும்மா.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “பரவால்லப்பா. இனிமே ஏதாச்சும் சொல்லணும்னா உங்க இடது பக்கம் வந்து சொல்றேன்.”

“நல்ல பிள்ளை!”

“உங்களைத் திட்டணும்னா வலது பக்கம்.”

அதற்கடுத்த திங்கட்கிழமையிலிருந்து காதடைப்பு காதில்தான் இருக்கிறது. வீட்டிலும் இப்போது யாரும் கத்துவதில்லை. ஒன்றுதான் எனக்கு உதைக்கிறது – மகளும் மனைவியும் அடிக்கடி என் வலது பக்கமாகவே வந்து நிற்கிறார்கள்!