சத்தத்துக்கு முன் ஒடுங்கிய தோள்

துவக்கைத் தொட்டே பார்க்காத ஒருவனுக்கு, எந்தத் தோட்டாவை வாங்குவது என்று இன்னொருவருக்குச் சொல்லும் துணிவு எங்கிருந்து வரும்? இந்தக் கதையை முதலில் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

யசிந்தன் இலங்கையில், போர் நடந்த வன்னியில் பிறந்தவன். இத்தாலியின் பலெர்மோவில், அல்பெர்கேரியாப் பகுதிச் சந்து ஒன்றில், கிறிகோரி என்ற இன்னொரு ஈழத் தமிழரோடு ஓர் அறையில் இருக்கிறான். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அன்செல்மோ என்ற ஓய்வுபெற்ற பொறியியலாளரைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. சமைப்பான், குளிக்க உதவுவான். ஞாயிறுகளில் கிழவரோடு மலைப்பக்கத்துச் சுடுதளத்துக்கும் போவான். கதிரை, தண்ணீர், குடை எல்லாம் காவுவான். துவக்குப் பெட்டியை மட்டும் தொடமாட்டான்.

அறுநூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் காகித இலக்கைக் கிழவர் சுடுவார், பல தரம் தவறும். அவருடையது மாக்னம் என்ற பெரிய தோட்டா போடும் துவக்கு. ஒவ்வொரு வெடிக்கும் அது கழுதைபோலப் பின்னால் உதைக்கும். திங்கட்கிழமை பார்த்தால் வலது தோளில் கத்தரிக்காய் நிறத்தில் இரத்தம் கட்டிக் கண்டிப்போயிருக்கும். யசிந்தன்தான் களிம்பு பூசுவான். மகளிடம் மூச்சு விடாதே என்று கிழவர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். தெரிந்தால் துவக்கை விற்கச் சொல்லுவாள் என்பது அவர் பயம்.

ஒரு புதன்கிழமை மகள் லூச்சியா வந்தபோது, சட்டைக் கழுத்துக்குள் அந்தக் கண்டலைக் கண்டுவிட்டாள். கதவில் இடித்துவிட்டேன் என்றார் கிழவர். அவள் கதவைப் பார்த்தாள். பிறகு யசிந்தனின் கைகளைப் பார்த்தாள். அந்தப் பார்வை அங்கிருந்து நகரவேயில்லை.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கிழவரை அடிக்கிறான் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் வேலை போகும். வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியை எப்படிப் புதுப்பிப்பது?

"உண்மையைச் சொல்லன்" என்றார் கிறிகோரி.

"என்னெண்டு அண்ணை? துவக்கு உதைக்கிறது உனக்கென்னெண்டு தெரியுமெண்டு கேப்பினம்."

"அதுவும் சரிதான். வன்னியான் துவக்கு ரவையைப் பற்றிக் கதைச்சா, போராளியோ எண்டு இஞ்சை சுவருக்கும் காது நிமிரும். சோறு தின்ன மட்டும் வாயைத் திற, காணும்."

"அதுக்கும் திறக்குதில்லையண்ணை."

அகதி விசாரணையில் துவக்குத் தூக்கினாயா என்று அவனிடம் மூன்று தரம் கேட்டிருந்தார்கள். மூன்று தரமும் இல்லை என்றான். அது உண்மை. ஆனால் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தையும் எங்கேயாவது எழுதி வைத்திருப்பார்களோ என்று இன்றைக்கும் அவனுக்குப் பயம்.

சனிக்கிழமை கிழவர் பழைய துவக்கைக் கொடுத்துப் புதியது வாங்கக் கிளம்பினார். லூச்சியாதான் கார் ஓட்டினாள். கண்ணாடியில் அவள் கண்கள் தன்னைத் தேடுவதாக யசிந்தனுக்குத் தோன்றியது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் துவக்குக் கடையில், கடைக்காரர் மேசைமேல் இரண்டு தோட்டாக்களை நிறுத்தினார். ஒன்று பருத்த மாக்னம். மற்றது மெலிந்த ஆறரை மில்லிமீற்றர். எந்தத் தோட்டா என்று முடிவுசெய்தால்தான் அதற்கேற்ற துவக்கைத் தரலாம். அறுநூறு மீற்றருக்கு மெலிந்ததே தாராளம், காற்றையும் நன்றாகக் கிழித்துப் போகும், உதையும் குறைவு என்றார் அவர். அது பொடியன்களுக்கு என்று சொல்லி, கிழவர் மாக்னத்தை எடுத்தார்.

யசிந்தன் கணக்குப் பார்த்தான். அந்தப் பருத்த தோட்டா வீட்டுக்கு வந்தால் ஒவ்வொரு திங்களும் கண்டல் வரும். ஒவ்வொரு கண்டலும் அவன் கைமேல் விழும்.

"அது வேண்டாம், சின்ஞோர்" என்றான், தெரிந்த அளவு இத்தாலிய மொழியில்.

எல்லோரும் திரும்பினார்கள். ரவையைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று கிழவர் கேட்டார். அவன் காலம் முழுக்கப் பயந்திருந்த கேள்வி அதுதான்.

"ரவையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பயத்தைப் பற்றித் தெரியும். சின்ன வயதில், சண்டையில், நாங்கள் பங்கருக்குள் பதுங்கி இருந்தோம். செல் குண்டு விழுமுன்னமே அம்மாவின் தோள் ஒடுங்கும். நீங்களும் வெடிக்குமுன் அப்படித்தான் ஒடுங்குகிறீர்கள். கண்ணையும் மூடுகிறீர்கள். அதனால்தான் இலக்குத் தவறுகிறது. தோளும் நோகிறது."

கடைக்காரர் மேசையைத் துடைக்கத் தொடங்கினார். லூச்சியா தகப்பனின் சட்டைக் கழுத்தை விலக்கி, அங்கே கிடந்த துவக்கின் அடிக்கட்டையையும் கண்டலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கதவா, பப்பா?"

கிழவர் மாக்னத்தை வைத்துவிட்டு, மெலிந்ததை விரலால் முன்னே தள்ளினார்.

காரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். மகளுக்கு முன்னால் ஒரு மனிதனைப் பயந்தவன் என்று சொல்லியாயிற்று, வேலை முடிந்தது என்றே யசிந்தன் நினைத்தான். வீட்டில் லூச்சியா களிம்புப் போத்தலை எடுத்து அவன் கையில் வைத்தாள். அந்தக் கைகளை அவள் இந்த முறை சந்தேகத்தோடு பார்க்கவில்லை. கிழவர் சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினார்.

"நீ இப்போதும் ஒடுங்குவாயா?"

"ஒவ்வொரு யூலையும், சாந்தா ரொசாலியா திருவிழா வாணவேடிக்கைக்கு."

அவன் களிம்பைப் பூசத் தொடங்கினான். கிழவர் தோளை அசைக்காமல் இருந்தார்.

பிழை செய்யாமலே பயந்து வாயை மூடியிருக்கும் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதை அவருக்குச் சொல்லுங்கள். அவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.