உலக்கைக்குப் பதில் சறுக்குப் பலகை

அப்பா அந்தப் பலகைகளை வீட்டுக்குள் இழுத்து வந்தபோது முதலில் வந்தது வாடைதான். தாரும் பூஞ்சணம் பிடித்த தோலும் கலந்த வாடை, நாள்கணக்காக மூடிக் கிடந்த கப்பல் கொண்டேனரைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அது மாதிரி.

கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பண்டமாரானில் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா லோரி ஓட்டினார். ஜப்பான்காரர்கள் வேண்டாம் என்று கழித்த சாமான்கள் துறைமுகத்தில் வந்து இறங்கும், அதைப் பக்கத்தில் மேரு என்ற ஊரில் இருந்த ஒரு பழைய சாமான் ஸ்டோருக்கு ஏற்றிப் போவார். அங்கே விலை போகாததை முதலாளி "எடுத்துக்கிட்டு போ" என்று தள்ளிவிடுவார். அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு ஓடாத கடிகாரமும், கதவு மூடாத அலமாரியும், கடைசியில் இந்த இரண்டு பலகைகளும் வந்தன.

ஆள் உயரத்தைவிட நீளம், ஒரு சாண்கூட அகலம் இல்லை, முனை மட்டும் மேலே வளைந்திருக்கும். பனியில் சறுக்கிப் போகிற பலகையாம். 'டெலிமார்க்' என்ற பழைய மாதிரி என்றும், காலின் முன்பக்கம் மட்டும் மாட்டிக்கொள்ளும், குதிகால் தூக்கிக்கொள்ள விட்டுவிடும், முட்டியை மடக்கி மடக்கித் திரும்ப வேண்டும் என்றும் முதலாளி சொன்னதை அப்பா அம்மாவிடம் சொன்னார். அப்பா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

லோரியில் அப்பாவுக்கு உதவியாகப் போகும் மணி, புதுக்கோட்டையிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், பலகைகளை இறக்கிக் கொடுத்துவிட்டு, "இதக் கட்டிக்கிட்டா ரோட்டு ஜேம்ல நிக்காம கோலாலம்பூர் போயிரலாம்ணே" என்றார்.

"மொதல்ல இது நிக்கிறதுக்கு எடம் காட்டுங்க" என்றார் அம்மா.

இடம் பின்னறையில்தான் இருந்தது. வரும்போது இரண்டையும் சேர்த்து, நடுவில் ஒரு கட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். அம்மா அந்தக் கட்டையை உருவி ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுத்தார். அது பலகையின் வளைவு போகாமல் இருக்க வைத்தது என்று எங்களுக்கு யார் சொல்வது? கொஞ்ச நாளில் ஒரு பலகை நேராகிவிட்டது. கிள்ளான் புழுக்கத்தில் வார்னிஷ் கொப்பளித்தது. ஓரத்தில் துண்டு துண்டாக வைத்துத் திருகியிருந்த இரும்புப் பட்டை துருப்பிடித்து, திருகாணிகள் தலை தூக்கின. வால் பக்கம் ஒட்டு விட்டு, ஏடு ஏடாகப் பிரியப் பார்த்தது. ஆனால் மரம் உளுக்கவில்லை. கரையான்கூடத் தொடவில்லை. தார் காரணமாக இருக்கலாம்.

இடைநிலைப் பள்ளியில் முதல் வருஷம், படிவம் ஒன்று படிக்கும்போது நான் பெரியவளானேன். ஜெஞ்சாரோமிலிருந்து அத்தை வந்து இறங்கினார், அப்பாவுக்கு அக்கா. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "உலக்கை எங்க?"

எங்களில் அது வழக்கம். பெண் இருக்கும் அறை வாசலில் உலக்கையைக் குறுக்கே போடுவார்கள். சடங்கு முடியும்வரை அவள் அதைத் தாண்டக் கூடாது, 'காத்து கருப்பு' உள்ளே வரக் கூடாது. பக்கத்தில் இரும்பும் இருக்க வேண்டும். ஆண்கள் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது, பெற்ற அப்பாவானாலும்.

"பிளெண்டர்தான் இருக்கு அண்ணி" என்றார் அம்மா.

"பிளெண்டர வாசல்ல வச்சா எந்தப் பேய் பயப்படும்?"

அத்தை பின்னறைக்குள் போய்த் துழாவினார். வெளியே வந்தபோது கையில் ஒரு சறுக்குப் பலகை. "மரமும் இருக்கு, இரும்பும் இருக்கு. இது போதும்லா" என்று அந்தப் பின்னறையிலேயே என்னை உட்காரவைத்து, வாசலில் குறுக்கே போட்டார். நான் உள்ளே, பலகை வாசலில், அதன் ஜோடி என்னோடு உள்ளே.

அந்த அறைக்கு ஒரு ஜன்னல், கம்பிக்கு அப்பால் ஓர் ஆள் நுழையும் சந்து, அதற்கு அப்பால் அடுத்த வீட்டுச் சுவர். மின்விசிறி இல்லை. தட்டு தனி, பாய் தனி. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்து, விழுங்கும்வரை அத்தை பலகைக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார். மற்ற நேரம் காதுதான் வேலை செய்தது. கூடத்தில் தம்பி அழுவான், அவனுக்கு அப்போது பல் முளைக்கிற வயது. அவனைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு ஆன்டி, தன் மகள் வீட்டோடு போய்விட்டார். அம்மாவுக்கு மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை, அதை விட முடியாது.

"ஆளும் வளந்துட்டா" என்று அத்தை சொல்வது கேட்டது. "தம்பிய இவளே பாத்துக்கட்டும். படிச்ச வரைக்கும் போதும்லா."

"அவ அப்பாவக் கேக்கணும் அண்ணி."

"அவன் என்னாத்த சொல்லப் போறான்? அவன் வாயத் தொறந்து நானே பாத்ததில்ல."

அம்மா பால் கலக்கும் கரண்டிச் சத்தம் கேட்டது.

வகுப்புத் தோழி செல்வி ஒரு நாள் சந்து வழியாக ஜன்னலுக்கு வந்தாள். "ஏய், டெய்லி முட்டையாமே? அடை காக்குறாங்களா உன்ன?"

"வாய மூடுடி."

"அடுத்த திங்கக்கிழம சயன்ஸ் டெஸ்ட். வருவல்ல?"

"வருவேன்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு உட்கார முடியவில்லை.

மறுநாள் அத்தை கொஞ்சம் திரும்பிய நேரத்தில் நல்லெண்ணெயைக் குடிக்காமல், உள்ளே இருந்த பலகையின் அடியில் ஊற்றித் தேய்த்தேன். மத்தியானம் அத்தை தம்பியைப் பக்கத்தில் போட்டுத் தூங்கிவிட்டார். வாசலில் கிடந்ததை மெதுவாக உள்ளே இழுத்து அதற்கும் தேய்த்தேன். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சப்பாத்தைப் போட்டு, முன்பக்கத் தகட்டில் கால் விரல் பக்கத்தை நுழைத்து, குதிகாலைச் சுற்றிக் கம்பி வடத்தை மாட்டி, கொக்கியை அமுக்கினேன். ஸ்பிரிங் துருவில் முனகியது, ஆனால் பிடித்துக்கொண்டது.

அறைக்குள் திரும்ப இடமில்லை. பலகை நீளத்துக்கு அறை கொஞ்சம்தான் கூடுதல். முன்னால் போனால் சுவர், பின்னால் போனால் அலமாரி. நேராகப் போவதற்கு இருந்த ஒரே வழி வாசல்தான். வாசலில் இப்போது எதுவும் இல்லை, தாண்டக் கூடாதது என் காலில் இருந்தது. முட்டியை மடக்கினேன். குதிகால் எழும்பியது. சிமெண்டுத் தரையில் எண்ணெய் வழுக்கிக் கொடுத்தது. கூடத்துக்கு வந்துவிட்டேன். முன்கதவு திறந்திருந்தது, அதற்கு வெளியே வெயில், சரிவு, தார் ரோடு.

கதவில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "எங்க போறே?"

"ஸ்கூலுக்கு."

மத்தியானம், பாவாடை, காலில் ஆளைவிட நீளப் பலகை. அப்பா சிரிக்கவில்லை.

அத்தை எழுந்துவிட்டார். "அடியே! தாண்டிட்டாளே, தாண்டிட்டாளே!" தம்பியும் சேர்ந்து அழுதான். நான் பின்னால் போகப் பார்த்தேன். குதிகால்தான் எழும்பியது, பலகை வரவில்லை. தலை தூக்கிய திருகாணி பாவாடையைக் குத்திப் பிடித்துக்கொண்டது. குனிந்து கொக்கியை இழுத்தேன், அசையவில்லை.

"அக்கா, சும்மா இரு" என்றார் அப்பா. அத்தையிடம் அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. அத்தை நிறுத்திவிட்டார். அப்பா லோரியிலிருந்து திருப்புளி எடுத்து வந்து, தலையை நிமிர்த்தாமலே என் காலடியில் உட்கார்ந்தார். அவர் உச்சந்தலைதான் எனக்குத் தெரிந்தது, வேர்வையும் தூசியும். பாவாடையை எடுத்துவிட்டார். கொக்கியை நெம்பினார். ஒன்று விட்டது, அப்புறம் இன்னொன்று.

"சடங்கு முடியட்டும்" என்றார் தரையைப் பார்த்து. "போவலாம்."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டினேன். பலகை மறுபடி வாசலுக்குப் போனது. எனக்கு அது உறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சடங்கு நடந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், புடவை கட்டினார்கள், செல்வி வந்து என் கொண்டையைப் பார்த்துச் சிரித்தாள். திங்கட்கிழமை விடியும் முன்னே நான் சீருடை போட்டு, சப்பாத்து மாட்டி, பையோடு கூடத்துக்கு வந்தேன். முற்றத்தில் லோரி இல்லை. வழக்கமாக அப்பா கிளம்பும் நேரம் இன்னும் ஆகவில்லை. அம்மா தொழிற்சாலை பஸ்ஸுக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். அத்தையின் பை கட்டித் தயாராக இருந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் பாத்துக்கோலா" என்று சொல்லி அத்தை தம்பியை என் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் அப்பா வந்தார். நான் சீருடையைக் கழற்றவில்லை. அவர் பார்த்தார், குளிக்கப் போனார். மறுநாளும் லோரி சீக்கிரம் கிளம்பிவிட்டது. அந்த வாரம் முழுவதும் அப்படித்தான். பிறகு சீருடையை மடித்து வைத்தேன்.

இப்போது அந்த வரிசை வீடுகள் இல்லை, கொண்டேனர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பலகை வெகு காலம் துணி காயப்போடும் கம்பாக இருந்து, வீடு உடைக்கும்போது மண்ணோடு போனது. இன்னொன்று எங்கே போனதென்று தெரியவில்லை. அத்தை இல்லை, அம்மா இல்லை. உலக்கையை இப்போது யாரும் தேடுவதில்லை. சடங்கு மண்டபத்தில் நடக்கிறது, கேக் வெட்டுகிறார்கள், பெண் மறுநாளே பள்ளிக்கூடம் போகிறாள். நல்லது. பள்ளிப் பிள்ளைகளின் சப்பாத்துகூட வெள்ளையிலிருந்து கறுப்பாகிவிட்டது. தம்பி படித்து ஆபீஸ் வேலையில் இருக்கிறான். நான் மேருவில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிறேன். அப்பா என்னோடு இருக்கிறார்.

போன மாதம் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றில் கை வைக்காமல் இருந்தார். பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு லோரிய நிப்பாட்டியிருக்கணும்" என்றார்.

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

"சாப்பிடுங்கப்பா, ஆறுது" என்றேன்.