மந்திகளின் சண்டையும் என் நோட்டும்

குரங்கு பார்க்கும் வேலையில் பாதி நேரம் குரங்குதான் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். இட ஒதுக்கீட்டுப் போராட்ட வருஷங்களில், கல்வராயன் மலைச்சாலை ஓரத்தில் குரங்குகளை ஆராயும் ஒரு பேராசிரியருக்காக, அவை செய்வதை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதுவது என் உத்தியோகம். மேலதிகாரிக்காக நோட்டு நிரப்பியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

சம்பவம் இல்லை

ஆண் குரங்குகளான கடுவன்கள் பல்லைக் காட்டினால் பக்கம் பக்கமாக எழுதுவேன். மந்திகள் பக்கம் திரும்பினால் 'சம்பவம் இல்லை' என்று போடுவேன். பெண்ணாய்ப் பிறந்த நானே ஒரு மாதம் இப்படி ஓட்டினேன். பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த செல்வி அக்காவுக்குத் திருக்கோவிலூர்ப் பக்கம். கையில் நோட்டு இருந்ததால் என்னை டீச்சர் என்பார். ஒருநாள் நன்கு வளர்ந்த ஒரு மந்தி, தின்றுகொண்டிருந்த வேர்க்கடலையை விட்டுவிட்டு எழுந்து போனது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது அதில் பாதிகூட இல்லாத ஒரு குட்டி. அதையும் நான் எழுதவில்லை. அக்காவுக்குப் பொறுக்கவில்லை: "அது பெரியவ பொண்ணு டீச்சர். ஆத்தா யாருன்னு பாத்துதான் எடம் வுடுவாளுங்க. இத்தினி நாளா இன்னாத்த எழுதிக்கினு இருந்தீங்க?"

கிழிகாது

எழுந்து போனவளுக்குக் கிழிகாது என்று பெயர் வைத்தேன். ஜோடி சேரும் காலத்தில் அவள் கடுவன் பக்கம் நகர்ந்தாலே, கூட்டத்துத் தலைவியான பெரியவளும் அவள் மகள்களும் விரட்டிக் கடிப்பார்கள். அதையெல்லாம் தாண்டி ஒரு குட்டி பெற்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு வாழைப்பழம் கொடுக்கலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "பாக்குறதுக்குத்தாம்மா வந்திருக்கோம். பழம் குடுத்தா நீயும் கூட்டத்துல ஒரு குரங்காயிடுவ."

மறியல்

கீழே மரங்களை வெட்டிச் சாலையில் போட்டு மறியல். பஸ் இல்லை, பேராசிரியர் கள்ளக்குறிச்சியில் மாட்டிக்கொண்டார். பயணிகள் எறியும் கடலையும் பழமும் நின்றதால் கூட்டமே பசியில் சிடுசிடுத்தது. மூன்றாம் நாள் காலை, பெரியவள் கிழிகாதின் குட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அவளிடம் பால் கிடையாது. தாய் கிட்டே போனால் மகள்கள் பாய்ந்தார்கள். மத்தியானம் வரை எழுதினேன். குட்டியின் கத்தல் சன்னமாகிக்கொண்டே வந்தது. விட்டால் செத்துவிடும் என்று தெரிந்ததும் எனக்கு எழுத ஓடவில்லை.

அக்கா கடையில் மிச்சமிருந்த ஒரே வாழைப்பழச் சீப்பைப் பெரியவள் முன்னால் வீசினேன். பழத்துக்கு அவளுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. குட்டியைக் கீழே விட்டாள். கிழிகாது அதை அள்ளிக்கொண்டு மரமேறினாள். பழத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செல்வி அக்கா என் நோட்டை எட்டிப் பார்த்தார்: "இத மட்டும் எழுதிடாதீங்க டீச்சர், சாரு வேலைய வுட்டே தூக்கிடுவாரு."

அந்த வேலையில் நான் பார்த்த மிகப் பெரிய சம்பவத்துக்கு நேராக 'சம்பவம் இல்லை' என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன்.