வெள்ளையடிக்காத மூலை

நயா பைசா வந்த புதுசுல எனக்குக் கல்யாணம். திண்டுக்கல்லுல இருந்து வத்தலக்குண்டு போற ரோட்ல எங்க ஊரு. எங்கம்மா கையில ஒட்டடைக் கம்பு ஏறிச்சுன்னா வீட்ல ஒருத்தரும் நிம்மதியா நிக்க முடியாது. கல்யாணம்னா கேக்கணுமா? எங்க வீடு, மாப்பிள்ளை வீட்டார் தங்க விட்ட பக்கத்து வீடு, ரெண்டுக்கும் ஒட்டடை அடிச்சு வெள்ளையும் அடிச்சாச்சு. என் டிரங்குப் பெட்டி இருந்த மூலையில மட்டும் நான் விடலை. அங்க ஒரு எட்டுக்கால் பூச்சி, சுவர்ல காலணா அகலத்துக்கு வெள்ளையா கூடு ஒட்டி வச்சிருந்துச்சு. அது வந்த பிறகுதான் கரப்பான் என் சேலையைக் கடிக்கிறது நின்னுச்சு.

"கல்யாண வீட்ல பூச்சியை வச்சுக் கும்பிடுறா பாரு!"ன்னு அம்மா கத்துச்சு.

"சேலை ஓட்டையானா நீ வாங்கித் தருவியா?"ன்னேன். முறைச்சுட்டுப் போயிருச்சு.

முகூர்த்தத்தன்னிக்குக் காலையில பக்கத்து வீட்ல ஒரே களேபரம். மாப்பிள்ளை சின்னாளப்பட்டிக்காரர். நாகரிகம் கூடிப்போயி, தானே சவரம் பண்றேன்னு புது பிளேடால தாடையைக் கிழிச்சுக்கிட்டார். மஞ்சள் அப்பியும் நிக்கலை, காப்பித்தூள் அப்பியும் நிக்கலை. சட்டையெல்லாம் ரத்தம். அவரோட அத்தை வாசல்ல நின்னு, "தாலி கட்டுற நாள்ல ரத்தம் சிந்துறது நல்லதுக்கில்லை, வேற நாள் பாப்போம்"னு ஆரம்பிச்சிருச்சு. எங்கப்பாவுக்கு முகம் செத்துப் போச்சு. எனக்கு அழுகை முட்டுச்சு. ஊரே பந்திக்குக் காத்துக் கிடக்கு, வேற நாளாம்ல!

எங்க பக்கம் வெட்டுக்காயத்துக்கு எட்டுக்கால் பூச்சிக் கூட்டைத்தான் ஒட்டுவாங்க. ஆம்பளைக அத்தனை பேரும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு சுவரு சுவரா தேடுறாங்க. எங்க கிடைக்கும்? அம்மாதான் ஒண்ணு விடாம சுரண்டிருச்சே!

அம்மா மெதுவா என் பக்கத்துல வந்து, "ஏடி, அந்த மூலையில..."ன்னு இழுத்துச்சு.

"எந்த மூலை?"ன்னு கேட்டேன். அந்த நேரத்துலயும் விடலை நான்!

கேட்டுட்டு, முகூர்த்தச் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஓடுனேன். நல்லவேளை, குஞ்செல்லாம் கிளம்பிப் போன காலிக் கூடு. நகத்தால பேத்தெடுத்தேன். பூச்சி பெட்டிக்குப் பின்னாடி ஓடிருச்சு. "கோவிச்சுக்காதே தாயி"ன்னு அதுகிட்டச் சொல்லிட்டு வந்தேன்.

ஒட்டுனதும் செத்த நேரத்துல ரத்தம் நின்னுச்சு, அத்தை வாயும் நின்னுச்சு. தாடையில வெள்ளை வட்டத்தோட அவரு தாலி கட்டக் குனிஞ்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எதுக்குன்னு தெரியாமலே அவரும் சிரிச்சார்.

பொங்கலுக்குப் புகுந்த வீட்ல வெள்ளையடிப்பு. அன்னிக்கு வேற நாள் பாப்போம்னு சொன்ன அவரோட அத்தைதான் ஒட்டடைக் கம்போட நின்னாங்க. நாங்க படுக்கிற அறை மூலையில புதுசா ஒரு கூடு இருந்துச்சு. புது மருமக, வாயைத் திறக்கப் பயம் எனக்கு. கம்பு அந்தப் பக்கம் திரும்பவும் அவரு தாடையைத் தடவிக்கிட்டே குறுக்க வந்து நின்னார்.

"அதை விட்ருங்கத்தை. நான் தினம் சவரம் பண்ணணும்."