பொய்ப்பல்லோடு ஒரு மாப்பிள்ளை அழைப்பு

போன வைகாசியில் என் முன்பல் ஒன்று விழுந்தது. மற்றவர்களுக்குப் பல் போனால் முறுக்கு கடிக்க முடியாது, அவ்வளவுதான். கிளாரினெட் ஊதுகிறவன் பாடு வேறு. வாத்தியத்தின் வாய்முனை மேல்பல்லில் அழுந்தி நிற்க வேண்டும். பல் ஆடினால் சுரமும் ஆடும். பல் மருத்துவர் ஒரு பொய்ப்பல் கட்டி, "பாத்து யூஸ் பண்ணுங்க" என்றார். கிளாரினெட் பற்றி அவரிடம் நான் மூச்சுவிடவில்லை. சொன்னால் ஊதாதே என்பார், எதற்கு வம்பு?

ஓசூரில் கல்யாண பேண்டு செட் நடத்துகிறேன். எங்கள் ஆட்கள் எல்லோருமே கம்பெனி வேலைக்காரர்கள். யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று பார்த்துத்தான் முகூர்த்தத்துக்கு ஆள் சேர்ப்பேன். கம்பெனி பஸ்ஸில் போகும்போது போனில் பழைய அமெரிக்க ஸ்விங் இசை கேட்பது என் பழக்கம். அதில் கிளாரினெட்காரர்தான் தலைவர். அவர் ஊத, பின்னால் ஒரு பெரிய கோஷ்டியே அடங்கி வாசிக்கும். அந்த மிதப்பு எனக்கும் உண்டு. ஊர்வலத்தில் நான் நடப்பதற்கு என் மனைவி வைத்த பெயர் 'கலெக்டர் நடை'.

ஊர்வல இரைச்சலில் வாயால் சொல்வது யார் காதிலும் ஏறாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். கிளாரினெட்டின் அடிவாயை வானம் பார்க்கத் தூக்கினேன் என்றால் பாட்டு முடிகிறது. தூக்கத்தில் தூக்கிக் காட்டினாலும் எங்கள் ஆட்கள் நிறுத்திவிடுவார்கள்.

தொரப்பள்ளியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. பொய்ப்பல்லோடு எனக்கு அதுதான் முதல் ஊர்வலம். முதல் பாட்டிலேயே ஈறு விண்ணென்று தெறித்தது. வாத்தியத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்தேன். பல்லின் மேல் பாரம் குறைந்து, சுகமாக இருந்தது. உடனே மொத்த செட்டும் நின்றது. ஆடிக்கொண்டிருந்த பையன்கள் தூக்கிய காலோடு திகைத்தார்கள். மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி தூக்கினேன், மறுபடி நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து, "ஏம்பா, உங்க செட்டுக்கு அடிக்கடி கரண்ட் போவுதா?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தாழ்த்தினால் ஊத முடியவில்லை, தூக்கினால் பாட்டு செத்துப்போகிறது. பெரிய டிரம் அடிப்பவன் என்னோடு ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவன், மதுரைப் பக்கத்துக்காரன். அவன் பக்கத்தில் வந்து, "அண்ணே, ஊதுறீங்களா, முடிக்கிறீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றான்.

சுருக்கென்று தைத்தது. முடிவு சொல்கிறவன்தானே தலைவன்? அதை விட்டுவிட்டால் நானும் கூலிக்கு ஊதுகிற ஆள். ஊதுவதை விட்டால்? அதை நினைக்கவே முடியவில்லை. "முடிக்கறத நீயே பாத்துக்க" என்றேன். அப்படிச் சொன்னபோது அழுகை வரும்போல இருந்தது.

அடுத்து, பெண் வீட்டார் கேட்ட ஒரு கன்னடப் பாட்டு. இனி டிரம்காரன் கையைப் பார்த்து நிறுத்தும்படி மற்றவர்களுக்குக் காட்டிவிட்டு, வாத்தியத்தை என் இஷ்டத்துக்குத் தூக்கிக்கொண்டு ஊதினேன். முன்பெல்லாம் ஒரு கண் மண்டப வாசலில் இருக்கும், இன்னொரு கண் பந்தம் பிடிக்கும் மாமன்கள் முகத்தில் இருக்கும். எப்போது முடிப்பது என்ற அந்தக் கவலை இப்போது அவனுடையது. பல்லவி முடிந்த இடத்தில் எனக்கு ஏதோ தோன்றியது, ஊதினேன். அது இன்னொன்றுக்குக் கூட்டிப்போனது. பையன்கள் விசில் அடித்தார்கள். ஆரத்தித் தட்டோடு பெண்கள் வாசலில் நின்றார்கள். டிரம்காரன் என்னைப் பார்த்தான், முடிக்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் தாய்மாமனே வந்து, போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த டிரம்காரன், சாம்பாரைப் பிசைந்தபடி, "இத்தன வருசமா உங்க கூட அடிக்கிறேன். நீங்க இப்படி ஊதுவீங்கன்னே எனக்குத் தெரியாதுண்ணே" என்றான்.

எனக்கு மட்டும் தெரிந்திருந்ததா என்ன? ஒவ்வொரு பாட்டையும் சூடு பிடிக்கும் நேரத்தில் நானேதான் நிறுத்தியிருக்கிறேன். வருத்தம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கும் முடிவு சொல்வது அவன்தான் என்று இலையை மடிப்பதற்குள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.