மேடைக்காரர் மகளின் கல்யாணம்

கல்லூரியில் எல்லோரும் அவளை ‘வெடுக்கு’ என்றுதான் கூப்பிட்டார்கள். எதைக் கேட்டாலும் பதில் வெடுக்கென்று வந்து விழும். பிசியோதெரபி முதல் வருடத்தில் ஒரு பேராசிரியர், “முதுகு வலியோட ஒருத்தர் உள்ள வர்றார். முதல்ல என்ன செய்வே?” என்று கேட்டார். மற்றவர்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, “உட்காரச் சொல்வேன்” என்றாள் அவள். வகுப்பே சிரித்தது. பேராசிரியர் மட்டும் சிரிக்காமல், “சரியான பதில்” என்றார்.

அவளுடைய அப்பா கல்யாண மேடை அலங்காரம் செய்பவர். ஊரில் மேடைக்காரர் என்றால்தான் தெரியும். வீட்டின் முன்பாதி சரக்கு அறை, பின்பாதிதான் குடித்தனம். கூரை வரை சாட்டின் துணிச் சுருள்கள், சாய்த்து வைத்த தெர்மாகோல் தூண்கள், மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டிக் பூ, எந்நேரமும் பசை வாசனை. கால் உடைந்து பழுதுக்கு வந்த மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்துதான் வெடுக்கு வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தாள். விடுமுறை நாட்களில் அப்பாவோடு மண்டபங்களுக்குப் போவாள். மேடையில் ஏறிய அரை மணி நேரத்தில் மணப்பெண்ணுக்குக் கால் வலிக்கத் தொடங்குவதையும், மாப்பிள்ளை தண்ணீருக்குத் தவிப்பதையும், மேடையைப் பார்த்து வியந்த கூட்டம் பந்தியைப் பார்த்ததும் அதை மறந்துவிடுவதையும் அவள் ஓரமாக நின்று நிறைய பார்த்திருக்கிறாள்.

அவளுக்குப் பிடித்தவன் அதே வகுப்பில் படித்தான். நெட்டையன். நடக்கும்போது கழுத்து முதலில் போகும், உடம்பு பின்னால் வரும். அதனால் அவன் பெயர் ஒட்டகம். பயிற்சி வகுப்பில் அவன் முழங்காலுக்கு அவள் கட்டுப் போட்டாள். கட்டு அன்றைக்கே அவிழ்ந்துவிட்டது, பேச்சு மட்டும் மூன்று வருடமாக நிற்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் தெரியும், இரண்டு வீட்டுக்கும் சம்மதம். படிப்பு முடியட்டும், கொஞ்சம் பணம் சேரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

கடைசி வருடம் தொடங்கும்போதுதான் சிக்கல் வந்தது. அந்த வருடம் முழுக்க வெளியூர் மருத்துவமனைகளில் பயிற்சி. யாருக்கு எந்த ஊர் என்று கல்லூரி சீட்டுக் குலுக்கிப் போடும். ஆனால் கணவன் மனைவி என்றால் இருவரையும் ஒரே ஊருக்கு அனுப்புவார்கள். விதி அப்படி. வெடுக்கு அன்று மாலையே முடிவு செய்துவிட்டாள்.

வீட்டில் அப்பா தரையில் உட்கார்ந்து, முனை உடைந்த தூணுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். அம்மா தையல் மெஷினில் மேடைத் திரைக்கு மடிப்பு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை எங்க கல்யாணம். நீங்க சரின்னா.”

மேடைக்காரர் விஷயத்தை முழுதாகக் கேட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பசைத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

“அதுக்கென்னம்மா, நல்ல பையன். நாள்தான் கம்மியா இருக்கு. பரவாயில்ல. உன் மேடையை நான் மனசுக்குள்ள எப்பவோ போட்டு வெச்சிருக்கேன். பின்னால அருவி மாதிரி வெள்ளைத் துணி இறங்கி வரும். ரெண்டு பக்கமும் நிஜப் பூ. பிளாஸ்டிக் ஒண்ணுகூடக் கிடையாது!”

“மேடை வேணாம்ப்பா.”

“காசை நினைச்சுச் சொல்றியா? எல்லாம் நம்ம சரக்குதானே?”

“மேடை போட்டா மண்டபம் வேணும். மண்டபம் எடுத்தா அதை நிரப்பக் கூட்டம் வேணும். கூட்டம் வந்தா பந்தி போடணும். உங்க துணி மட்டும்தான்ப்பா ஓசி, அதுக்குப் பின்னால வர்றது எதுவும் ஓசி இல்ல.”

அம்மா மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: “ஒட்டகத்துக்கு இடம் குடுத்த கதைன்னு சொல்லு.”

“ஒட்டகத்துக்கு ஏற்கெனவே குடுத்தாச்சும்மா. இனிமே வேற எதுக்கும் இடமில்ல.”

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. “ஊருக்கெல்லாம் மேடை போட்டவன் பொண்ணு வெறுந்தரையில நிக்கிறதா? சமையல்காரன் வீட்டு விசேஷத்துல பட்டினி போட்ட மாதிரி இருக்கும்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நாலைந்து நாள் கழித்து, அதே ஞாயிற்றுக்கிழமை பெரிய மண்டபம் ஒன்றில் மேடை போட அவர் ஒப்புக்கொண்டுவிட்ட செய்தி அம்மா வழியாக வந்தது. அம்மா கொதித்துப்போயிருந்தாள். “பெத்த மனுஷன் செய்யற வேலையாடி இது?” வெடுக்கு அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். பிறகு, “காலைல ஒன்பது மணிக்கு வெச்சிருந்தோம். பதினொரு மணிக்கு மாத்திக்கிறோம். அவர் அங்க முடிச்சிட்டு வரட்டும்” என்றாள். குரல் ஆடவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டை மட்டும் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

மற்ற ஏற்பாடுகள் மளமளவென்று நடந்தன. இடம் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடம். மரத்தளம், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டார்கள். துறைத் தலைவர் அம்மையார் ஒரே நிபந்தனைதான் போட்டார்: “திங்கட்கிழமை காலைல நோயாளிங்க வர்றப்ப தரையில ஒரு துளி பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. இருந்தா மாப்பிள்ளையும் பொண்ணும் வந்து துடைக்கணும்.” உடுப்புக்கு, போன வருடம் கல்யாணமான சீனியர் அக்காவின் புடவையை இரவல் வாங்கினாள். ரவிக்கையை அம்மா பிரித்து அளவுக்குத் தைத்தாள்.

ஒட்டகத்தின் வீட்டில் பெரியவர் என்றால் அவனுடைய அக்காதான். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தனியாளாக வளர்த்தவள். டவுன் பஸ் ஓட்டுகிறாள். அவள் முதலில் கேட்டதே, “கூட்டம் எவ்வளவும்மா? ஒரு பஸ்ஸா, ரெண்டு பஸ்ஸா?” என்றுதான்.

“ஒரு பஸ், அக்கா.”

“உக்காந்தா, நின்னுகிட்டா?”

“நெருக்கி உக்காந்தா.”

“அப்ப சரி, நான் ஓட்டிடுவேன்” என்றாள் அக்கா.

சாப்பாட்டுக்கு, வருகிறவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வரவேண்டும் என்று ஏற்பாடு. இந்த யோசனையில் வெடுக்குக்கு ரொம்பப் பெருமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் அம்மா வந்து எழுப்பினாள். அப்பாவின் இரண்டு வேலையாட்களில் ஒருவருக்குக் காய்ச்சல், வரவில்லை. பெரிய மண்டபத்தில் பாதி வேலை அப்படியே கிடக்கிறதாம்.

“நான் போறேன்” என்றாள் வெடுக்கு.

“உனக்கு இன்னைக்குக் கல்யாணம்டி!”

“பதினொரு மணிக்குத்தானே?”

மண்டபத்தில் அப்பா உயரமான ஏணியில் நின்று ஒற்றைக் கையால் துணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஊசி குத்திக்கொண்டிருந்தார். கீழே பார்த்தார். பழைய சட்டையும் தலையில் துண்டுமாக மகள் நின்றுகொண்டிருந்தாள். துணியின் மறுமுனையைத் தொங்கவிட்டார். அவள் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து பழகிய வேலை. எங்கே இழுக்க வேண்டும், எங்கே தளர விட வேண்டும் என்று அவர் கண்ணசைத்தாலே போதும்.

அந்த மணப்பெண்ணின் அம்மா பரபரப்பாக வந்து, “இந்த ஊதா நல்லா இல்ல, ரோஸ் போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் திரும்பி வந்து, “ஊதாவே இருக்கட்டும்” என்றார். பிறகு, இப்போது அப்பாவுக்குப் பதிலாக ஏணியில் ஏறியிருந்தவளை நிமிர்ந்து பார்த்து, “பொம்பளப் புள்ள இவ்வளவு சுறுசுறுப்பா இருக்கியே. உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?” என்று கேட்டார்.

“இன்னைக்குத்தாங்க. பதினொரு மணிக்கு.”

அந்தம்மாள் அதை நக்கல் என்று எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மேடைக்காரருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் மெதுவாகச் சொன்னார்:

“இந்த வேலையை நான் வேணும்னேதான் எடுத்தேம்மா.”

“தெரியும்ப்பா.”

“தெரிஞ்சுமா வந்த?”

“நீங்க சீக்கிரம் முடிச்சாத்தானே அங்க வர முடியும்? அந்த ஊசியைக் குடுங்க.”

அவர் ஊசியைக் கொடுத்தார். அதற்கப்புறம் வேலை பறந்தது. பத்து மணிக்குள் மேடை தயார். மிச்சமான தூண்களை வேனில் ஏற்றும்போதுதான், அவசரத்தில் மேடைக்காரர் ஒரு மர மேசையைத் தனியாகத் தூக்கினார். இடுப்பில் சுரீர் என்று பிடித்துக்கொண்டது. பாதி குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அந்தக் கோலத்திலேயே அவரைத் துணி மூட்டைகளுக்கு நடுவில் சாய்த்து, வெடுக்கு வேனை ஓட்டிக்கொண்டு கல்லூரிக்கு வந்து சேர்ந்தாள்.

உடற்பயிற்சிக் கூடம் நிறைந்திருந்தது. நாற்காலி போதாமல் பாதிப் பேர் பயிற்சிக்கு வைத்திருந்த பெரிய ரப்பர் பந்துகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் அண்ணன், கஞ்சி போட்ட சட்டையும் விறைத்த முகமுமாக வந்தவர், ஒரு பச்சைப் பந்தின் மேல் மெல்ல மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தார். விறைப்பு எப்போதோ போய்விட்டது. எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் கூட்டம் இரண்டு மடங்காகத் தெரிந்தது. “ஒரு பஸ்னு சொன்ன, கண்ணாடியில பார்த்தா ரெண்டு பஸ் நிக்குது” என்றாள் அக்கா.

குனிந்தபடியே நடந்து வந்த மேடைக்காரரைப் பார்த்ததும் ஒட்டகம் புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டான். வகுப்பு நண்பர்கள் சிகிச்சைக் கட்டிலை இழுத்து வந்தார்கள்.

“மாமா, ஒருக்களிச்சுப் படுங்க. மூச்சை இழுங்க. மெதுவா விடுங்க.”

“டேய் மாப்பிள்ள, உனக்குக் கல்யாணம்டா. கை அழுக்காயிடும்.”

“கல்யாணம் எங்க ஓடிடப் போகுது? அசையாதீங்க.”

கல்யாணத்தைப் பதிவு செய்ய வந்திருந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெடுக்கு உடை மாற்றிவிட்டு வருவதற்குள் ஒட்டகத்தின் விரல்கள் பிடிப்பு இருந்த இடத்தைக் கண்டுபிடித்து அழுத்திக்கொண்டிருந்தன. மேடைக்காரர் ‘அம்மா’ என்று ஒரு சத்தம் போட்டார். பிறகு நீளமாக மூச்சு விட்டார். “எழுந்திரிக்காதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கணும்” என்று மாப்பிள்ளை உத்தரவு போட்டுவிட்டு, கை கழுவிவிட்டு வந்து மணப்பெண் பக்கத்தில் நின்றான்.

இப்படியாக, பெண்ணின் தகப்பனார் கூடத்தின் நடுவில் கட்டிலில் படுத்தபடி இருக்க, இருவரும் கையெழுத்துப் போட்டு மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். அவருக்கு முதுகுப்புறம்தான் அவர்கள் நின்றார்கள். ஆனால் எதிரே கண்ணாடி இருந்தது. அதில் மகளைப் பார்த்தார். இரவல் புடவை, காலை வேலையில் கலைந்து அவசரமாக முடிந்த தலை, விரலில் ஊசி குத்திய இடத்தில் ஒரு சின்னப் பிளாஸ்திரி. அவர் கண்ணில் நீர் வழிந்தது. பந்தில் ஆடிக்கொண்டிருந்த அண்ணன், “என்னடா, வலிக்குதா?” என்று கேட்டார். “ஆமா, இடுப்பு” என்றார் மேடைக்காரர்.

சாப்பாட்டில்தான் வெடுக்கின் திட்டம் சறுக்கியது. கல்யாணமாயிற்றே என்று வந்தவர்கள் அத்தனை பேரும் இனிப்பே கொண்டுவந்திருந்தார்கள். திறந்த பாத்திரமெல்லாம் இனிப்பு. யார் என்ன கொண்டு வரவேண்டும் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவேயில்லை. “ஆகா, கெட்டிக்காரிக்கும் சறுக்குது!” என்று அம்மா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அக்கா தன் டிப்போ நண்பர்களை அனுப்பி ரொட்டியும் முட்டையும் வாங்கி வரச் சொன்னாள். மாணவர்கள் ஆய்வக அடுப்பில் முட்டை அவித்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மணமக்களும் நண்பர்களும் மரத்தளத்தை மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் வந்த துறைத் தலைவர் அம்மையார் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் நடந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தாராம்.

மேடைக்காரர் முழுதாகச் சமாதானமானார் என்று சொல்ல முடியாது. “அருவி மாதிரி வெள்ளைத் துணி இறங்கியிருக்கணும்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பிற்பாடும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அதே மூச்சில், “எம் மாப்பிள்ள கை வெச்சா இடுப்பு பேசும்” என்றும் சொல்வார்.

கல்லூரி வாக்குத் தவறவில்லை. இருவருக்கும் ஒரே ஊர், ஒரே மருத்துவமனை, குடியிருக்க ஓர் அறை. அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அவளுக்குக் காலை முறை, அவனுக்கு மாலை முறை என்று. அவள் வெளியே வரும்போது அவன் உள்ளே போவான். மருத்துவமனை வாசலில் அறைச் சாவியைக் கை மாற்றிக்கொள்ளும் அந்தச் சில நிமிடங்கள்தான் அவர்களுடைய பகல்நேரக் குடித்தனம். முதல் வாரம் வெடுக்கு பொறுத்துப் பார்த்தாள். இரண்டாவது வாரம் நேராக மேற்பார்வையாளரின் அறைக்குள் போனாள்.

“என்னம்மா வேணும்?”

“என் வீட்டுக்காரர் வேணும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் இமைக்காமல் நின்றாள். அடுத்த மாதத்திலிருந்து இருவருக்கும் காலை முறை.